செம்மண்ணும் பழைய காரும்
(புத்தூர்ப் பகுதியின் மோட்டார்ப் பற்றும் பொருளாதார நெருக்கடிகளும்)

ஒரு நாட்டின் பொருளாதாரம் தளர்வுறும்போது மக்கள் முதலிற் கைவிடுவது ஆடம்பரச் செலவையே என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். அரிசிக்கும் மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் செலவிட்டபின் எஞ்சுவதே பொழுதுபோக்கிற்கு உரியது. எஞ்சுவது குறையுமிடத்துப் பொழுதுபோக்கும் குறையும் என்பர். எண்களை மட்டும் நோக்குவோர்க்கு இது மறுக்கமுடியாத உண்மை போலவே தோன்றும். எனினும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, சிறப்பாகப் புத்தூரையும் அதனைச் சூழ்ந்த செம்மண் ஊர்களையும் எடுத்துக்கொண்டு, அங்கு பழைய ஆங்கிலேயக் கார்களின்மீது மக்கள் கொண்டிருந்த பற்றின் வரலாற்றை ஆராயுமிடத்து, இவ்விதி பலமுறை தலைகீழாகியிருப்பதைக் காணலாம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி ஆகிய ஊர்களைக் கடந்து புத்தூர்ச் சந்தியை அடைகிறது. நிலாவரைக் கிணற்றினாற் பெயர்பெற்ற இப்பகுதியின் நிலம் சுண்ணாம்புக் கல்லின்மேற் படிந்த செம்மண்ணாகும். புகையிலை, வெங்காயம், மிளகாய், மரக்கறி என்பவற்றைக் கிணற்று நீரால் விளைவிக்கும் கமக்காரரும், கொழும்பிலும் மலாயாவிலும் அரசாங்க உத்தியோகம் பார்த்து இளைப்பாறியோரும் அயல் வீட்டாராக வாழ்ந்த சமூகம் இது. கமக்காரனின் வருவாய் மண்ணிலிருந்து வந்தது. உத்தியோகத்தரின் வருவாய் காசுக்கட்டளையாகவும் ஓய்வூதியமாகவும் வெளியிலிருந்து வந்தது. பின்னாளிற் காரின் தலைவிதியை நிர்ணயித்தவை இவ்விரு வருவாய்களுமே என்பதால், இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். இவ்விரு சாராருக்கும் வெளியே, பிறர் நிலத்திற் கூலிக்கு உழைத்தோர் பலர் இருந்தனர். கார்ப் பற்று என்பது அவர்களுக்கு எக்காலத்தும் உரியதாக இருக்கவில்லை. அவர்களிற் பலருக்குச் சைக்கிளே பெருஞ்சொத்து.

குடாநாட்டின் வீதிகளிற் பல்லாண்டு காலம் ஓடிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிறிஜ் ஆகியவை அங்கு வந்துசேர்ந்ததே ஒரு பொருளாதார நெருக்கடியின் பயனாகத்தான். இரண்டாம் உலகப் போரின் முடிவிற் பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. டொலரையும் பிற செலாவணியையும் தேடிக்கொள்ளும்பொருட்டு, தன் தொழிற்சாலைகளில் உற்பத்தியான கார்களிற் பெரும்பகுதியை வெளிநாடுகளுக்கே அனுப்பவேண்டும் என அந்நாட்டு அரசாங்கம் வற்புறுத்தியது. ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்கே உருக்கு தாராளமாகப் பங்கிடப்பட்டது. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 டெவன், 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், 1952இல் டெவனின் இடத்தைப் பிடித்த சமசெற் ஆகியன இச்சூழலில் உருவானவை. 1950 மே வரை பெற்றோல் பங்கீட்டின்கீழ் வாழ்ந்த ஆங்கிலேயன் புதிய காருக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தான். அவனுக்குக் கிட்டாத கார் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியது.

இறங்கிய காரை வாங்க இலங்கையிடமும் அப்பொழுது பணம் இருந்தது. 1950இல் மூண்ட கொரியப் போரினால் இறப்பர் விலை திடீரென உயர்ந்தது. தேயிலையும் நல்ல விலை பெற்றது. சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளே ஆன நாட்டின் வெளிநாட்டுச் சொத்துகள் பெருகியிருந்த காலம் அது. கொழும்பிற் பணியாற்றிய எழுதுவினைஞரும் வைத்தியரும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தரும் வாங்கிய கார்கள், அவர்கள் இளைப்பாறியபோது அவர்களுடன் ஊர் திரும்பின. குடாநாட்டின் வீதிகள் சமதரையானவை, தூரங்கள் குறுகியவை. புத்தூரிலிருந்து நகருக்குப் பத்து மைல் அளவே. 1200 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட ஒரு கார் இத்தகைய நிலத்தில் மிகக் குறைவாகவே தேய்வுற்றது. மலைநாட்டில் அதே கார் பட்ட பாடு வேறு.

ஈண்டு ஒரு செய்தியை இடையிட்டுக் கூறலாம். 1957இல் வாகன இலக்கத் தகடுகளிற் சிங்கள ஸ்ரீ எழுத்துப் பொறிக்கப்பட வேண்டுமென்ற நடைமுறை வந்தபோது தமிழ்ப் பகுதிகளில் அதற்கு எதிராகப் பெருங் கிளர்ச்சி எழுந்ததை வரலாறு அறியும். அதற்கு முன்னர் பதிவான கார்கள் ஆங்கில எழுத்துகளையே தாங்கியிருந்தன. பழைய காரை விற்காது வைத்திருந்தமைக்கு இத்தகடும் ஓரளவு காரணமாயிற்று என்று கருத இடமுண்டு. பொருளாதாரத்தால் மட்டும் விளக்கிவிட முடியாத பற்றும் இதிற் கலந்திருந்தது.

1957ஆம் ஆண்டின் பின் நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி தேயத் தொடங்கிற்று. 1960, 1961ஆம் ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாயின. புதிய கார் என்பது ஏறத்தாழ மறைந்தே போயிற்று. 1967 நவம்பரில் ரூபாவின் பெறுமதி 20 வீதம் குறைக்கப்பட்டது. இக்காலப்பகுதியிலேதான் கார் வைத்திருத்தல் என்பது கார்ப் பற்றாக மாறியது எனலாம். புதியதை வாங்கக்கூடியவன் பழையதைப் பழுதுபார்ப்பதில்லை, அதனை விற்றுவிடுவான். வாங்க வழியில்லாதவன் தன் காரின் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்துகொள்கிறான். எந்தப் பிஸ்ரன் றிங் எந்த எஞ்சினுக்குப் பொருந்தும், தேய்ந்த கிங் பின்னுக்கு எங்கே கடைச்சல் பிடிக்கலாம், துருப்பிடித்த தரைத்தகட்டை எவ்வாறு ஒட்டலாம் என்பன வீட்டுப் பேச்சுகளாயின. ஞாயிற்றுக்கிழமைகளிற் காரைக் கழுவித் துடைத்து, பொனற்றைத் திறந்து நாலுபேர் குனிந்து நின்று ஆராய்வது, கராஜ்காரரை அழைத்துத் தேநீர் கொடுத்து அபிப்பிராயம் கேட்பது, ஆயுதபூசை நாளிற் சந்தனமும் குங்குமமும் சாத்துவது என ஒரு பொழுதுபோக்கின் சடங்குகள் அனைத்தும் இவ்வாறு உருவாயின. பற்றாக்குறையே இப்பொழுதுபோக்கின் தாய்.

இது யாழ்ப்பாணத்திற்கு மட்டும் உரிய நிகழ்ச்சியன்று. 1930களின் பெருமந்தத்தின்போது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து மன்சி நகரை ஆராய்ந்த றொபேட் லிண்ட், ஹெலன் லிண்ட் தம்பதியர் 1937இல் வெளியிட்ட நூலில், அந்நகரிற் புதுக்கார் விற்பனை பெருவீழ்ச்சி கண்டபோதும் பெற்றோல் விற்பனை சொற்ப அளவே குறைந்ததைச் சுட்டிக்காட்டினர். மக்கள் நாளுக்குநாள் பழசாகிப்போகும் கார்களில் ஓடினர். ஆனால் ஓடுவதை நிறுத்தவில்லை. கியூபாவில் 1959ஆம் ஆண்டுப் புரட்சியையும் அதனைத் தொடர்ந்த அமெரிக்கத் தடையையும் அடுத்து, அவானா நகரத்து அமெரிக்கக் கார்கள் சோவியத் எஞ்சின்களைப் பொருத்திக்கொண்டு இன்றளவும் உலவுகின்றன. ஆயினும் புத்தூரின் கதையில் இவ்விரண்டிலும் காணப்படாத ஒரு திருப்பம் உண்டு. அது 1970களில் நிகழ்ந்தது.

1970இற் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கம் செலாவணியைக் காக்கும்பொருட்டு மிளகாய், வெங்காயம் முதலிய உணவுப்பொருள்களின் இறக்குமதியைப் படிப்படியாகத் தடைசெய்தது. 1973 இறுதியில் எண்ணெய் விலை ஒரு பீப்பாய் 3 டொலர் அளவிலிருந்து சில மாதங்களுள் 12 டொலர் அளவிற்கு ஏறியது. மா, சீனி, அரிசி யாவும் பங்கீட்டில் நெருக்கப்பட்டன. பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற தலைமுறை அக்காலத்தை இன்றும் மறவாது. நாடு முழுவதற்கும் அது வறுமைக் காலம். ஆனால் புத்தூரின் செம்மண்ணுக்கோ அது பொற்காலம். இந்திய மிளகாயும் வெங்காயமும் வராத சந்தையிற் குடாநாட்டு விளைபொருள் கேட்ட விலைக்குப் போயிற்று. ஒரு போக மிளகாயில் வீடு கட்டியோர் உண்டு. கிணறு வெட்டியோர், உழவு இயந்திரம் வாங்கியோர், மகளுக்குச் சீதனம் சேர்த்தோர் உண்டு.

கையிற் பணம் உண்டு. கடையிற் புதுக்கார் இல்லை. இதன் விளைவு ஒன்றே. இருபது வயது நிரம்பிய பழைய கார்களுக்கு அவை புதிதாக இருந்தபோது கொடுக்கப்பட்டதிலும் கூடிய விலை கேட்கப்பட்டது. இளைப்பாறிய உத்தியோகத்தரின் நிலையான ஓய்வூதியம் விலையேற்றத்தின் முன் சுருங்கியது. அவர் வீட்டுக் கொட்டகையில் நின்ற கார், அயலில் மிளகாய் பயிரிட்டவரின் வீட்டுக்கு இடம்பெயர்வதற்குரிய சூழ்நிலை இவ்வாறு தோன்றிற்று. கோட்டும் சப்பாத்தும் அணிந்தோரின் அடையாளமாக இருந்த வாகனத்தை வேட்டியும் சால்வையுமாக ஒருவர் ஓட்டிச்சென்றபோது எழுந்த முணுமுணுப்பு எத்தகையது என்பதை யாழ்ப்பாணச் சமூகத்தை அறிந்தோர் எளிதில் ஊகிப்பர். ஒரு காரின் கைமாற்றம் ஒரு வர்க்கத்தின் இறக்கத்தையும் இன்னொன்றின் ஏற்றத்தையும் பறைசாற்றியது. தேசியக் கணக்கு ஏட்டில் 'நெருக்கடி' என்று எழுதப்பட்ட அதே ஆண்டுகளிற் புத்தூர்க் கராஜ்களுக்கு வேலை குறைந்திருக்க நியாயமில்லை.

1977 நவம்பரில் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் இறக்குமதிக் கதவுகளைத் திறந்தது. டொலரின் விலை ஏறத்தாழ 16 ரூபாவாயிற்று. யப்பானியக் கார்களும் வான்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் குவிந்தன. கொழும்பு கொண்டாடியது. ஆனால் அதே கதவினூடாக மிளகாயும் வெங்காயமும் வந்தன. செம்மண் கமக்காரனின் வருவாய் சரிந்தது. புதிய கார் கிடைக்கத் தொடங்கிய நாளிலேயே அதனை வாங்கும் சக்தியை அவன் இழந்தான். ஆகவே பழைய ஒஸ்ரின் அவனுடனேயே தங்கிவிட்டது. திறந்த பொருளாதாரத்தின் புள்ளிவிவரங்களை மட்டும் பார்த்து, 1977இன் பின் குடாநாட்டிற் பழைய கார்ப் பற்று மறைந்திருக்க வேண்டும் என முடிவுகட்டும் ஆய்வாளர் எவரும் இவ்விடத்தில் இடறிவிழுவார். நாட்டின் இறக்கம் ஊரின் ஏற்றமாகவும், நாட்டின் ஏற்றம் ஊரின் இறக்கமாகவும் அமைந்த விசித்திரம் இது.

1983இன் பின் எல்லாம் மாறிற்று. இளைஞர் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். வீதிகளிற் கார் ஓட்டுவதே உயிரைப் பணயம் வைக்கும் காரியமாயிற்று. எனினும் இவ்வாய்வுக்கு மிக இன்றியமையாதது 1990 யூனிற் போர் மீண்டும் மூண்டபின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையாகும். மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகங்கள், சீமெந்து எனத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. பொருளாதாரத் தளர்வு என்ற சொல் அந்நிலைக்குப் பொருந்தாது. வருவாய் குறைவது ஒன்று. பணம் இருந்தும் பொருளே இல்லாதிருப்பது மற்றொன்று.

அப்பொழுது குடாநாட்டில் ஓடிய வாகனங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. அதுவும் தாராளமாகக் கிடைத்ததன்று. கொழும்பு விலையிலும் பன்மடங்கு கொடுத்தே பெறவேண்டியிருந்தது. சிறு போத்தல் ஒன்றிற் கொஞ்சம் பெற்றோலை நிரப்பி, குழாய் வழியே காபரேற்றருக்கு விட்டு எஞ்சினை இயக்குவர். எஞ்சின் நன்கு சூடேறியதும் குழாயை மாற்றி மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவர். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றவேண்டும். இல்லையேல் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தேங்கி, மறுநாள் எஞ்சின் கிளம்பாது. சிலர் வைத்தியசாலையிற் சேலைன் ஏற்றும் போத்தலையும் குழாயையும் இதற்குப் பயன்படுத்தினர். வாகனம் போன பின்னரும் நெடுநேரம் வீதியில் வெண்புகையும் மண்ணெண்ணெய் மணமும் நிற்கும்.

இங்கே பழைய காரின் குறைபாடே அதன் பலமாயிற்று. ஏ40 போன்ற 1950களின் எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 ஆகும். மண்ணெண்ணெய் போன்ற தாழ்தர எரிபொருளை அவை ஒருவாறு சகித்துக்கொண்டன. கூடிய அமுக்க விகிதம் கொண்ட பிற்கால யப்பானிய எஞ்சின்களோ 'தட்டும்' சத்தம் எழுப்பித் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் இயல்பின. பிரித்தானியாவிலேயே 1940களின் இறுதியில் வந்த பேகசன் உழவு இயந்திரங்களுள் ஒருவகை, பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுமாறு அமைக்கப்பட்டிருந்தது. ஆயினும் புத்தூர்வாசி இவ்வித்தையை உழவு இயந்திரத்தின் கைநூலைப் படித்துக் கற்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த காலம் போய், நீரிறைக்கும் இயந்திரம் தோட்டங்களுக்கு வந்தபோதே பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பழக்கம் செம்மண் கமக்காரனின் கைக்கு வந்துவிட்டது. கிணற்றடியிற் கற்றதை அவன் காருக்கும் பிரயோகித்தான். இதனைக் கண்டுபிடிப்பு எனப் புகழ்வாரினும், பழக்கத்தின் இடமாற்றம் எனக் கொள்வதே வரலாற்றுக்கு ஏற்புடையது.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு ஆயுள் குறைவு. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயுடன் கலந்து அதன் பசைத்தன்மையைக் கெடுக்கும். வால்வுகளிற் கரி படியும். எனவே எஞ்சினை அடிக்கடி கழற்றித் துப்புரவாக்க வேண்டியிருந்தது. பெற்றோலுக்குப் போகவேண்டிய செலவு இவ்வாறு கராஜ்காரரின் கூலியாக உருமாறியது. இவ்வுருமாற்றமே நெருக்கடிக்காலக் கார்ச் செலவின் உயிர்நாடியாகும். காருக்கான செலவு நின்றுவிடுவதில்லை. இறக்குமதிப் பொருளுக்குச் சென்ற பணம் உள்ளூர் உழைப்புக்குத் திரும்புகிறது. பணம் இல்லாதவிடத்துச் சொந்தக்காரனின் நேரமே செலவாகிறது. ஒரு மாலை முழுவதும் பழைய பிளக்கை மண்கடதாசியால் உரைத்துக்கொண்டிருந்தவனின் செலவு எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை. தேசிய வருமானக் கணக்கு வீட்டுப் பெண்களின் உழைப்பை எண்ணாது விடுவது போன்றதே இதுவும்.

இக்காலத்தோடு ஒப்புநோக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. பிரித்தானியாவின் பாத் நகரத்தவரான சாள்ஸ் வெயர் என்பவர், காரை அடிக்கடி மாற்றுவதிலும் ஒரே காரை நெடுங்காலம் பேணுவதே சிக்கனமானது என 1980களில் வாதாடிவந்தார். மொறிஸ் மைனரையே அதற்கு உதாரணமாகக் காட்டினார். அவரது முயற்சியின் தொடர்ச்சியாக 1990களில் மொறிஸ் மைனரின் உதிரிப்பாகங்கள் இலங்கையில் உற்பத்தியாகிப் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாயின. தீவின் ஒரு பகுதியில் ஆங்கிலேயரின் பொழுதுபோக்கிற்காக மொறிஸ் மைனர்ப் பாகங்கள் அடிக்கப்பட்டன. மறுபகுதியில் அதே காருக்கு ஒரு றிங் செற் அனுப்புவதும் தடையாயிருந்தது. பொழுதுபோக்கு என்ற ஒரே சொல் இரு இடங்களிலும் எத்துணை வேறான பொருளைத் தருகிறது!

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். புத்தூரும் வெறுமையாயிற்று. காரிற் சென்றோர் சிலர். பெரும்பாலானோர் நடந்தும் சைக்கிளை உருட்டியும் சென்றனர். கொட்டகையில் விடப்பட்ட கார்களுள் எத்தனை மறுஆண்டு திரும்பிவந்தோர்க்கு மிஞ்சின என்பதை எண்ணிக் கூறுவார் இலர். மிஞ்சியவற்றுக்கு ரயர் இல்லை. சிலவற்றுக்கு எஞ்சினே இல்லை. 2002 ஏப்பிரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது உதிரிப்பாகங்கள் மீண்டும் வந்தன. 2006 ஓகஸ்டில் அவ்வீதி மூடப்பட்டதும் அவையும் நின்றன.

2009இன் பின் குடாநாட்டின் வீதிகளிற் குத்தகைக் கடனில் வாங்கிய புதிய வாகனங்கள் நிறைந்தன. யாழ். நகரின் வாடகைக் கார்த் தரிப்பிடத்தில் நின்ற கேம்பிறிஜ்களுக்கும் ஒக்ஸ்போட்களுக்கும் முச்சக்கரவண்டி வினையாக வந்தது. பயன்பாட்டை இழந்த பின்னரே பழைய கார் முழுமையான பொழுதுபோக்குப் பொருளாயிற்று. திருமண ஊர்வலத்தில் மாப்பிள்ளையை ஏற்றிச்செல்லவும், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் அதனருகில் நின்று படம் எடுக்கவும், கொழும்புச் சேகரிப்பாளர் விலை கேட்கவும் அது உரியதாயிற்று. தேவையினாற் பிறந்த பற்று, தேவை தீர்ந்த பின்னும் நீடித்தது.

இப்பற்றை மீண்டும் சோதனைக்கு உள்ளாக்கியது அண்மைய நெருக்கடி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்பிரல் 12ஆம் நாள் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனை மீளச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. 2021 இறுதியில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 2022 யூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. அதே ஆண்டு செப்ரெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. 1960களின் காட்சி அறுபது ஆண்டுகளின் பின் திரும்பவும் அரங்கேறியது போலவே இருந்தது. பாவித்த கார்களின் விலை அவை வாங்கப்பட்ட விலையையும் விஞ்சியது.

ஆனால் 1970களின் திருப்பம் இம்முறை நிகழவில்லை. 1973இல் நாடு நலிந்தபோது செம்மண் செழித்தது. 2022இல் நாட்டோடு செம்மண்ணும் நலிந்தது. 2021 மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, பயிர்கள் வாடிய பின்னர் நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டது. மீனவரையும் கமக்காரரையும் ஒருசேரத் தாக்கிய இவ்விலையேற்றம், மண்ணெண்ணெயில் நீரிறைத்த தோட்டக்காரனின் கையை முறித்தது. 1990களில் எஞ்சின்களைக் காத்த மலிவான மாற்று வழியும் இத்துடன் அடைபட்டது. விளைபொருளின் வருவாயால் ஒரு பழைய காரையும் பேணிவந்த கமக்காரன், அக்காருக்கு நல்ல விலை கேட்கப்பட்ட அதே வேளையில் அதனை விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டான்.

மற்றைய வருவாயின் நிலையோ வேறு. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு 200 ரூபா அளவிலிருந்த நாணய மாற்று, மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. கனடாவிலிருக்கும் மகனோ இலண்டனிலிருக்கும் தங்கையோ அனுப்பிய 100 டொலர் பெறுமதியான பணம் 20,000 ரூபாவாக வந்துகொண்டிருந்தது. இப்பொழுது அது 36,000 ரூபாவாயிற்று. அரிசி, பால்மா விலைகள் இவ்வேற்றத்திற் பெரும்பகுதியை விழுங்கின என்பது மெய்யே. ஆனால் உள்ளூர்க் கூலி அவ்வேகத்தில் உயரவில்லை. ஆதலால் தகடு ஒட்டுவதும் வர்ணம் பூசுவதும் இருக்கை தைப்பதும் வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டுக்கு முன்னரிலும் மலிவாயின. கிடைத்தற்கரிய ஆங்கிலேய உதிரிப்பாகங்களை உறவினர் தம் பயணப் பெட்டியிலேயே கொண்டுவந்து சேர்த்தனர். மலாயா ஓய்வூதியத்தின் இடத்தை ரொறன்ரோவின் சம்பளம் பிடித்துக்கொண்டது. 1970களில் மண்ணை நம்பியோர் வென்றனர். 2022இற் காசுக்கட்டளை வென்றது.

எரிபொருள் பங்கீடும் எதிர்பாராத ஒரு விளைவைத் தந்தது. 2022 யூலை இறுதியில் நடைமுறைக்கு வந்த தேசிய எரிபொருள் அனுமதிமுறையின்கீழ் காருக்கு வாரம் 20 லீற்றரும், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றரும், மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றரும் தொடக்கத்தில் வழங்கப்பட்டன. பதிவுள்ள வாகனம் எவ்வளவு ஓடுகிறது என்பதை இம்முறை வினவவில்லை. ஆண்டிற்குச் சில நாள்களே வெளியே வரும் பழைய காருக்கும் 20 லீற்றர். நாள்முழுதும் ஓடிக் குடும்பத்தைக் காப்பாற்றும் முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர். கொட்டகையில் உறங்கிய கார்களுக்கு வரிப்பத்திரம் புதுப்பிக்கவும் அவற்றைத் தட்டி எழுப்பவும் இது ஒரு தூண்டுதலாயிற்று. பங்கீட்டு நீதியை வகுத்தோர் இதனைச் சிந்தித்தனரா என்பது ஐயமே. 2023 செப்ரெம்பர் முதலாம் நாள் இம்முறை கைவிடப்பட்டது.

2025 பெப்ரவரி முதலாம் நாள் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் வரிகளின் சுமையாற் புதிய காரின் விலை நடுத்தர வருவாயினர்க்கு எட்டாததாகவே அமைந்தது. ஆகவே பழைய கார்களுக்குக் கேட்கும் விலையும் எளிதில் இறங்கவில்லை. தெற்கிலிருந்து வரும் சேகரிப்பாளர்க்கு அவற்றை விற்றுவிடுவதா, வைத்திருப்பதா என்ற விசாரம் பல வீடுகளில் தொடர்கிறது. வைத்திருக்க எண்ணுவோர்க்குப் பணத்திலும் பெரிய தடை வேறொன்று. ஏ40இன் வால்வைக் காதாற் கேட்டே செப்பஞ்செய்த கைகள் முதுமை எய்திவிட்டன. இன்று தொழில் பழகவரும் இளைஞர் கணினி பொருத்திய எஞ்சின்களையே கற்க விரும்புகின்றனர். அது அவர்களின் பிழையன்று. காபரேற்றர் திறக்கத் தெரிந்த ஒருவரை ஆவரங்காலிலோ அச்சுவேலியிலோ தேடிப்பிடித்து, அவருக்கு வசதியான நாள் வரும்வரை காருக்குச் சொந்தக்காரர் காத்திருக்கவேண்டியுள்ளது.